படிவம் ‘பி’யில் ஒரு கட்டம்: விலங்காய்வு நெறிமுறைக் குழுக்களுக்குத் திறந்த மடல்

கல்லூரிகளிலும் ஆய்வு நிறுவனங்களிலும் இயங்கும் விலங்காய்வு நெறிமுறைக் குழுக்களின் மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

ஆய்வுக்கு விலங்குகள் வேண்டும் என்று கேட்டு வரும் ஒவ்வொரு விண்ணப்பமும் படிவம் ‘பி’ வழியாகத்தான் உங்கள் மேசைக்கு வருகிறது. எந்த இனம், என்ன வயது, என்ன எடை, எந்தப் பால், எத்தனை எண்ணிக்கை என்று அந்தப் படிவம் கேட்கிறது. எண்ணிக்கையைப் பற்றி நீங்கள் நெடுநேரம் விவாதிப்பதை நான் அறிவேன். பதினெட்டு எதற்கு, பன்னிரண்டு போதாதா என்று நீங்கள் கேட்பது முறையான கேள்வி. ஆனால் பாலினக் கட்டத்தில் ‘ஐதர் செக்ஸ்’ என்று, அதாவது ஆணோ பெண்ணோ எது கிடைத்தாலும் சரி என்று எழுதியிருந்தால், அதைப் பெரும்பாலும் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. நம் நாட்டு மருந்தியல் கட்டுரைகளில் எத்தனையோ ஆண்டுகளாக இந்தச் சொற்றொடர் அப்படியே அச்சாகி வருகிறது. இந்த மடல் அந்த ஒரு கட்டத்தைப் பற்றியது. அதை அலட்சியமாக நிரப்புவதால் என்ன ஆகும் என்பதை, சுண்டெலியின் தாடைக்கடியில் இருக்கும் ஓர் உமிழ்நீர்ச் சுரப்பியைக் கொண்டு சொல்ல விரும்புகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த சுரப்பி அது. அதில் நானே தவறு செய்திருக்கிறேன்.

ஆய்வு மாணவனாக இருந்தபோது, ஒரு மூலிகைச் சாறு புண் ஆறுவதை விரைவுபடுத்துகிறதா என்று பார்க்கப் பன்னிரண்டு ஸ்விஸ் சுண்டெலிகளுக்கு அனுமதி பெற்றேன். படிவத்தில் ‘ஐதர் செக்ஸ்’ என்று எழுதியவன் நான்தான். அனிமல் ஹவுஸில் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கும்போதே ஆண்களை ஒரு கூண்டிலும் பெண்களை இன்னொரு கூண்டிலும் போட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் அவை இனப்பெருக்கம் செய்துவிடும். எனக்கு வந்தவையும் அப்படித்தான் ஆறு ஆறாக இரண்டு கூண்டுகளில் வந்தன. மருந்து மாறிப்போகக் கூடாது என்ற எண்ணத்தில் ஒரு கூண்டுக்குச் சாறும் மற்றதற்கு ஒப்பீட்டுக்காகச் சலைன் எனும் உப்புநீரும் கொடுத்தேன். முடிவில் கீழ்த்தாடைச் சுரப்பியை எடுத்து அரைத்து, மேற்தோல் வளர்ச்சிக் காரணி எனப்படும் புரதத்தை எலைசா என்ற புரத அளவீட்டு முறையில் அளந்தபோது, சாறு பெற்ற கூண்டில் அது பத்து மடங்குக்கும் மேல் இருந்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நெறியாளரும் நானும் அந்த முடிவை வைத்து ஒரு கட்டுரைக்கே வரைவு எழுதினோம்.

பல மாதங்கள் கழித்து, ஆய்வேட்டில் சேர்க்கப் படம் எடுப்பதற்காக அதே சுரப்பிகளின் சீவல்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். ஹீமட்டாக்சிலின், இயோசின் என்ற சாயங்கள் ஏற்றிய சாதாரண ஸ்லைடுகள்தான். சாறு பெற்ற கூண்டின் ஸ்லைடில் பருத்து வளைந்த குழல்கள் பார்வைப் புலத்தையே நிரப்பியிருந்தன. அவற்றின் உயரமான செல்கள் ஒவ்வொன்றிலும் உட்குழியை நோக்கிய பக்கம் முழுவதும் அடர் இளஞ்சிவப்புக் குறுமணிகள் நெருக்கியடித்து நின்றன, உட்கரு அடிப்பக்கத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. மற்ற கூண்டின் ஸ்லைடில் அதே குழல்கள் ஒல்லியாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருந்தன, குறுமணிகள் சொற்பம், சுற்றிலும் சுரப்புப் பைகளே மிகுந்திருந்தன. ஒப்பிட்டுப் பார்க்கத் திசுவியல் நூலைத் திறந்தபோது அதில் இதே இரண்டு படங்களும் அருகருகே இருந்தன. ஒன்றின் கீழ் ‘ஆண்’ என்றும் மற்றதன் கீழ் ‘பெண்’ என்றும் அச்சிட்டிருந்தது. இரண்டுமே எந்த மருந்தும் பெறாத சுண்டெலிகள்.

கூண்டு அட்டைகளைத் தேடி எடுத்தேன். ஒன்றில் ‘எம் – 6’, மற்றதில் ‘எஃப் – 6’. நான் அளந்தது மூலிகையை அல்ல. பன்னிரண்டு உயிர்களைக் கொன்று, ஆண் சுண்டெலி ஆணாகவும் பெண் சுண்டெலி பெண்ணாகவும் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்திருந்தேன். அதுவும் நான் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே பாரிஸில் கண்டறியப்பட்ட செய்தி.

அந்துவான் லக்கசாஞ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1940-இல் சுண்டெலியின் கீழ்த்தாடைச் சுரப்பியில் இந்தப் பால் வேறுபாட்டை விவரித்தார். சுரப்பியில் உள்ள அந்தக் குறுமணிச் சுருள்குழல்கள் பிறக்கும்போது இரு பாலிலும் இருப்பதில்லை. பருவமடையும் காலத்தில் வரிக்குழல்கள் எனப்படும் எளிய குழல்களிலிருந்து அவை உருவாகின்றன. ஆணில் அவை மிகப் பெரிதாக வளர்கின்றன, பெண்ணில் ஓரளவோடு நின்றுவிடுகின்றன. ஆணைக் காயடித்தால் குழல்கள் சுருங்கிப் பெண்ணின் தோற்றத்துக்கு வருகின்றன. பெண்ணுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் அவை பருத்து ஆணின் தோற்றத்தை அடைகின்றன. ஆகவே இந்த வேறுபாடு பிறவியில் பூட்டப்பட்டதன்று. ஹார்மோன் இருக்கும்வரை இருப்பது, போனால் போவது.

இதற்கு அழகான சான்று ஒன்று உண்டு. ஆண்ட்ரஜன் ஹார்மோனை, அதாவது டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அது பழுதான ஒரு சுண்டெலி வகை உண்டு. அதில் ஆண்களுக்கு எக்ஸ்-ஒய் குரோமோசோம்களும் விதைகளும் இருந்தும், ஏற்பி வேலை செய்யாததால் கீழ்த்தாடைச் சுரப்பி பெண்ணின் சுரப்பியைப் போலவே இருக்கிறது. ஒய் குரோமோசோம் மட்டும் இருந்து பயனில்லை. ஹார்மோன் செல்லுக்குள் நுழைந்து, ஏற்பியோடு சேர்ந்து, டி.என்.ஏ.வில் உரிய இடங்களில் அமர்ந்தால்தான் குறுமணிகளில் உள்ள புரதங்களுக்கான மரபணுக்கள் பெருமளவில் படியெடுக்கப்படுகின்றன. ஆண்ட்ரஜன் மட்டுமே இதை நடத்துகிறது என்றும் எண்ணிவிட வேண்டாம். தைராய்டு ஹார்மோனும் அட்ரினல் சுரப்பியின் ஸ்டீராய்டுகளும் இதே குழல்களை வளர்க்கின்றன; தைராய்டு குன்றிய ஆணில் குறுமணிகள் குறைந்துபோகின்றன. எனவே தைராய்டைத் தொடும் மருந்து இந்தச் சுரப்பியையும் தொடக்கூடும்.

அப்படிப் பெருமளவில் படியெடுக்கப்படும் மரபணுக்கள் எவை என்று பார்த்தால், இது ஏதோ ஒரு மூலையில் கிடக்கும் சுரப்பியின் கதை அன்று என்பது விளங்கும். நரம்புச் செல்களை வளரத் தூண்டும் புரதமான நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தேடிய ஆய்வாளர்கள் ரீட்டா லெவி-மொந்தால்சினியும் ஸ்டான்லி கோஹனும் முதலில் சுண்டெலியின் புற்றுக்கட்டிகளிலிருந்து அதைப் பிரிக்க முயன்றார்கள். அதில் கலந்திருந்த நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கப் பாம்பு விஷத்தைச் சேர்த்தபோது, அந்த விஷத்திலேயே காரணி மிகுதியாக இருப்பது தெரிந்தது. விஷச் சுரப்பி என்பது ஒருவகை உமிழ்நீர்ச் சுரப்பிதானே என்ற எண்ணத்தில் பாலூட்டிகளில் தேடி, ஆண் சுண்டெலியின் கீழ்த்தாடைச் சுரப்பியை வந்தடைந்தார்கள். 1960-இல் கோஹன் அதிலிருந்து காரணியைப் பிரித்தெடுத்தார். சுரப்பியின் சாற்றைப் பிறந்த குட்டிகளுக்குச் செலுத்தியபோது, பன்னிரண்டு பதினான்கு நாளில் திறக்க வேண்டிய கண்ணிமைகள் ஏழு நாளிலேயே திறந்துகொள்வதைக் கவனித்து, 1962-இல் இன்னொரு புரதத்தைப் பிரித்தார். அதுவே மேற்தோல் வளர்ச்சிக் காரணி. 53 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம். இருவருக்கும் 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் பெண் சுண்டெலிகளின் சுரப்பியை மட்டும் எடுத்திருந்தால், கிடைத்திருக்கக்கூடிய அளவு பத்தில் ஒரு பங்கைத் தாண்டியிராது. இன்றும் சுண்டெலியின் நரம்பு வளர்ச்சிக் காரணியை விற்கும் நிறுவனங்கள் அதை ஆண் சுண்டெலியின் சுரப்பியிலிருந்தே எடுக்கின்றன. இவற்றோடு கலிக்ரீன் என்னும், புரதங்களை வெட்டும் நொதிகளின் பெரிய குடும்பமும், இரத்த அழுத்தத்தோடு தொடர்புடைய ரெனினும் அதே குறுமணிகளுக்குள் இருக்கின்றன.

ரெனின் இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. சுண்டெலியில் சில வழிகளுக்கு, அதாவது ஆய்வகத்தில் தனித்தனியாக வளர்க்கப்படும் மரபு வகைகளுக்கு, ஒரே ஒரு ரெனின் மரபணுதான் உண்டு, ஸ்விஸ், டி.பி.ஏ. போன்றவற்றுக்கு இரண்டு உண்டு. அந்த இரண்டாவது மரபணு கீழ்த்தாடைச் சுரப்பியில் ஆண்ட்ரஜனுக்குப் பணிந்து மிகுதியாக வெளிப்படுகிறது. சி57 பிளாக் 6 வகையில் அந்த மரபணு இல்லாததால், அதன் சுரப்பியில் ரெனின் மிகக் குறைவு. ஆகவே பால், வயது, வழி ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்லாமல் ‘சுண்டெலியின் கீழ்த்தாடைச் சுரப்பியில் ரெனின்’ என்று ஓர் எண்ணைக் கொடுப்பது, ஊர் பெயரும் மாதமும் சொல்லாமல் மழையளவைச் சொல்வதற்கு ஒப்பானது.

அண்மைக் காலத்தில் சுரப்பியில் உள்ள ஆர்.என்.ஏ. முழுவதையும் ஒரே நேரத்தில் படித்துப் பார்த்தவர்களும் இதையே காண்கிறார்கள். மூன்று பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகளில் கீழ்த்தாடைச் சுரப்பியில்தான் ஆண்-பெண் வேறுபாடு மிகுதி. செவியருகுச் சுரப்பியிலும் நாவடிச் சுரப்பியிலும் அது மிகச் சிறிது. எலிகளில் இந்த வேறுபாடு சுண்டெலியைவிட மென்மையானது, ஆனால் இல்லாமல் இல்லை. ஆண் எலியின் சுரப்பியில் ஆண்ட்ரஜனால் தூண்டப்படும் ஒரு மரபணுவிலிருந்து சியலார்பின் என்ற ஐந்து அமினோ அமிலத் துண்டு கிடைக்கிறது. வலியைத் தணிக்கும் தன்மை அதற்கு இருப்பதைப் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தார் 2003-இல் காட்டினார்கள். அந்தத் தேடலே 2006-இல் மனித உமிழ்நீரில் ஓபியார்பின் என்ற உறவுத் துண்டைக் கண்டறிய வழி வகுத்தது. நம் நாட்டிலும் இந்தத் துறைக்கு மரபு உண்டு: ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில், ஹாம்ஸ்டரின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் கண்ணீர்ச் சுரப்பியிலும் பால் ஹார்மோன்களுக்குக் கட்டுப்பட்டுச் சுரக்கும் புரதங்களை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

இவ்வளவு வேறுபாடு விலங்குக்கு எதற்குப் பயன்படுகிறது என்று உங்கள் குழுவில் உள்ள, விஞ்ஞானி அல்லாத சமூக அக்கறை உறுப்பினர் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு நான் மிகவும் மதிப்புக் கொடுக்கிறேன். சுரப்பியை அகற்றிய ஆண் சுண்டெலியில் முதிர்ந்த விந்தணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகக் குறைவதும், மேற்தோல் வளர்ச்சிக் காரணியைச் செலுத்தினால் அது மீள்வதும் 1986-இல் வெளியாயின. அதற்கு இரண்டாண்டுகள் முன்பே, கருவுறும் முன் சுரப்பியை இழந்த பெண் சுண்டெலிக்குத் தாய்ப்பால் குறைந்து குட்டிகள் அதிகம் இறப்பதையும் காட்டியிருந்தார்கள். ஆணில் மிகுதி என்பதால் பெண்ணில் பயனில்லை என்று ஆகிவிடாது என்பதற்கு இந்த இரண்டு ஆய்வுகளும் போதும். ஆண்கள் சண்டையிட்டால் நரம்பு வளர்ச்சிக் காரணி சுரப்பியிலிருந்து இரத்தத்தில் கொட்டுகிறது என்பதும் அதே 1986-இல் தெரிந்தது. அப்படியானால், முந்தைய இரவு கூண்டில் நடந்த ஒரு சண்டைகூட மறுநாள் காலையில் நீங்கள் எடுக்கும் அளவை மாற்றிவிடும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். மனிதரின் கீழ்த்தாடைச் சுரப்பியில் இந்தக் குறுமணிச் சுருள்குழல்கள் இல்லை. ஆண் சுண்டெலியில் கண்டதை அப்படியே ஆண்களுக்கும், பெண் சுண்டெலியில் கண்டதைப் பெண்களுக்கும் பொருத்திப் பேசுவது தவறு. ஆனால் இந்தக் காரணத்தைச் சொல்லியே பாலினத்தைப் பதியாமல் விடுவது இன்னும் பெரிய தவறு. ஷோக்ரன் நோய் என்ற, வாயும் கண்ணும் வறண்டுபோகும் தன்னெதிர்ப்பு நோய், ஓர் ஆணுக்கு ஏறத்தாழ ஒன்பது பெண்கள் என்ற விகிதத்தில் வருகிறது. அதற்கு மாதிரியாகப் பயன்படும் ‘நாட்’ என்ற சுண்டெலி வகையில் உமிழ்நீர்ச் சுரப்பியின் அழற்சி பெண்ணிலும், கண்ணீர்ச் சுரப்பியின் அழற்சி ஆணிலும் மிகுதி. ஒரே விலங்கின் இரண்டு சுரப்பிகள் எதிரெதிர்த் திசையில் போகின்றன! வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்று, உமிழ்நீர் வற்றி, சோற்றை விழுங்கத் தண்ணீர்ச் செம்பை அருகில் வைத்துக்கொண்டு சாப்பிடும் மனிதர்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கான மருந்தை எலியில் சோதிக்கும்போது, அந்த எலியின் சுரப்பி எந்த ஹார்மோனின் கீழ் இருந்தது என்று தெரியாமல் போனால், கிடைத்த முடிவு மருந்தால் வந்ததா, பாலால் வந்ததா என்று பிரித்தறியவே முடியாது. அதைத்தான் நான் செய்தேன்.

மறுபக்கம், ஒரே பாலினத்தை மட்டும் எடுக்கும் வழக்கமும் இருக்கிறது. 2009-இல் வெளியான கட்டுரைகளை ஆராய்ந்து 2011-இல் வந்த மதிப்பாய்வு, பத்து உயிரியல் துறைகளில் எட்டில் ஆண் விலங்குகளே மிகுதியாகப் பயன்பட்டதாகவும், நரம்பியலில் ஒரு பெண்ணுக்கு ஐந்தரை ஆண் என்ற விகிதம் இருந்ததாகவும் கண்டது. பெண்ணின் ஹார்மோன் சுழற்சி அளவுகளைச் சிதறடிக்கும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 293 கட்டுரைகளின் தரவுகளைத் திரட்டிய 2014-ஆம் ஆண்டு ஆய்வு, பெண் சுண்டெலிகளின் அளவுகள் ஆணைவிட அதிகம் சிதறவில்லை என்று காட்டிவிட்டது. அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2016 ஜனவரி முதல், பாலை ஓர் உயிரியல் மாறியாகக் கருதி ஆய்வைத் திட்டமிட வேண்டும் என்று நிதி கோருவோரிடம் கேட்கத் தொடங்கின.

இரு பாலையும் எடுத்தால் எண்ணிக்கை இரட்டிப்பாகும், அது விலங்கு நலனுக்கு எதிரானது என்ற வாதம் உங்கள் கூட்டங்களில் எழும் என்பதை அறிவேன். எண்ணிக்கையைக் குறைப்பது உங்கள் கடமை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு சுண்டெலிகளைப் பன்னிரண்டாகவே வைத்துக்கொண்டு, மருந்துக் குழுவில் மூன்று ஆண் மூன்று பெண், சலைன் குழுவில் மூன்று ஆண் மூன்று பெண் என்று சீட்டுப் போட்டுப் பிரித்து, கணக்கிடும்போது பாலையும் ஒரு காரணியாகச் சேர்த்தால், பெரும்பாலான கேள்விகளுக்கு அது போதும். பால் வாரியாகப் பிரிக்காமல் ஒன்றாகக் கலந்தால்தான் எண்ணிக்கை கூடும். பத்து மடங்கு வேறுபடும் இரண்டு தொகுதிகளை ஒரே சராசரிக்குள் திணித்தால், சிதறல் அவ்வளவு பெரிதாகி, மருந்தின் உண்மையான சிறு விளைவு அதற்குள் மறைந்துபோகும். பிறகு ‘முடிவு தெளிவில்லை’ என்று சொல்லி இன்னும் பன்னிரண்டு கேட்டு உங்களிடமே வருவார்கள். ஒரே பாலைக் கேட்கும் திட்டங்களில் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் இருக்கிறது: அதே ஈற்றில் பிறந்த மற்றப் பாலின் குட்டிகள் என்ன ஆகின்றன? அவை பெரும்பாலும் எந்தக் கட்டுரையிலும் எண்ணப்படாமல் கொல்லப்படுகின்றன. படிவத்தில் எழுதப்படும் எண்ணிக்கையில் அந்த உயிர்கள் வருவதில்லை. ஆனால் அவையும் அந்த ஆய்வின் பொருட்டே பிறந்தவை.

எனவே உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். பாலினக் கட்டத்தில் ‘ஐதர் செக்ஸ்’ என்று வரும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பி, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று இரண்டு எண்களாக எழுதிவரச் சொல்லுங்கள். இரண்டு பாலும் எல்லாக் குழுக்களிலும் எப்படிப் பகிரப்படும், கூண்டு வாரியாக மருந்து கொடுப்பதை எப்படித் தவிர்ப்பார்கள் என்று ஒரு பத்தி கேளுங்கள். ஒரே பால்தான் வேண்டும் என்றால் அதற்கான உயிரியல் காரணத்தைக் கேளுங்கள். ‘ஆண்கள் சண்டையிடும்’, ‘இந்த ஆய்வகத்தில் எப்போதும் இப்படித்தான்’ என்பன காரணங்கள் ஆகா. குறிப்பாக உமிழ்நீர்ச் சுரப்பி, கண்ணீர்ச் சுரப்பி, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றில் மரபணு வெளிப்பாட்டை அளக்கும் திட்டங்களில், வயது பருவமடைதலுக்கு முன்னா பின்னா, எந்த வழி, தனிக்கூண்டா கூட்டுக்கூண்டா என்பவற்றையும் பால் விவரத்தோடு சேர்த்து எழுத வைக்க வேண்டும். இவற்றுக்குக் கூடுதல் செலவு இல்லை. குட்டியைப் பிரிக்கும் இருபத்தொன்றாம் நாளில் வாலைத் தூக்கி, மலத்துளைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே உள்ள தூரத்தைப் பார்த்தாலே பால் தெரிந்துவிடும். அனிமல் ஹவுஸில் வேலை செய்யும் ஊழியர் அதை ஏற்கெனவே தினமும் செய்கிறார், கூண்டு அட்டையிலும் எழுதுகிறார். அந்த எழுத்து அட்டையிலேயே நின்றுவிடாமல் தரவுத் தாளுக்கு வந்து சேர வேண்டும், அவ்வளவே.

என் பன்னிரண்டு சுண்டெலிகளின் ஸ்லைடுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. சாயம் சற்று மங்கியிருந்தாலும் வேறுபாடு ஒரே பார்வையில் தெரியும். ஆய்வுப் பயிற்சி இல்லாத உறுப்பினருக்கும் தெரியும். எந்தக் குழு அழைத்தாலும் இரண்டு ஸ்லைடுகளோடும் அந்த இரண்டு கூண்டு அட்டைகளோடும் உங்கள் கூட்டத்துக்கு வருகிறேன். ஒரு நுண்ணோக்கியும் பத்து நிமிடமும் ஒதுக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
உமிழ்நீர்ச் சுரப்பி ஆய்வில் பணியாற்றும் ஒருவன்